மூலத்தைத் தொடாத உரை: பைத்தான் மொழியில் வகைக்குறிப்புகளின் வரலாறு

1

சிறுபத்திரிகைகளுக்கு ஓர் அட்டவணை தயாரிக்கிற வேலையில் கொஞ்ச காலம் இருந்தேன். தமிழ் எம்.ஏ. படித்தவனுக்குக் கிடைக்கிற வேலைகளில் அது மேலானது என்றே சொல்ல வேண்டும். பழைய இதழ்களைப் புரட்டி, பெயர், ஊர், ஆண்டு, இதழ் எண் என்று ஒவ்வொன்றாகப் பதிய வேண்டும். பதிந்ததைச் சரிபார்க்கவும் வரிசைப்படுத்தவும் 'பைத்தான்' என்கிற கணினி மொழியில் சின்னச் சின்ன நிரல்கள் எழுதக் கற்றுக்கொண்டேன். கற்றுக்கொடுத்தவன் என்னைவிடப் பத்து வயது இளையவன்.

நிரலில் 'இதழ் எண்' என்ற பெயருக்குப் பக்கத்தில் ஒரு முக்காற்புள்ளி வைத்து, முழுஎண் என்று பொருள்படும் 'இன்ட்' என்ற சொல்லை எழுதியிருந்தேன். இந்த இடத்துக்கு முழுஎண் மட்டும்தான் வரலாம் என்று இயந்திரத்துக்குச் சொல்லிவிட்டதாக நினைப்பு. இந்தப் பக்கங்களின் வாசகர்களுக்கு விளக்க வேண்டியதில்லை: காசு இல்லாத மாதங்களில் நாம் '7-8' என்று இரட்டை இதழ் போடுவோம். அந்த '7-8' முழுஎண் கிடையாது. கணினிக்கு அது எழுத்துகளைக் கோத்த ஒரு சரம். ஆனால் இயந்திரம் அதை வாய் திறக்காமல் வாங்கிக்கொண்டது. பல வாரம் கழித்து எல்லாவற்றையும் வரிசைப்படுத்தப் போனபோதுதான் நிரல் விழுந்தது. முழுஎண்ணையும் சரத்தையும் வைத்து எது சிறியது என்று சொல்ல அதற்கு முடியாதாம்.

"நான்தான் முழுஎண்ணுன்னு எழுதி வச்சிருந்தேனே, அப்பவே ஏன் தடுக்கலை?" என்று தம்பியிடம் கேட்டேன்.

"அண்ணே, அது சும்மா குறிப்பு. படிக்கிறவங்களுக்கு எழுதுறது. மெஷின் அதைக் கண்டுக்காது."

இயந்திரத்துக்கு என்றே எழுதப்படுகிற ஒரு பிரதியில், இயந்திரம் கண்டுகொள்ளாத ஒரு சொல் எப்படி வந்து உட்கார்ந்தது? யார் உட்கார வைத்தார்கள்? அது உண்மையிலேயே 'சும்மா'தானா? இந்தக் கேள்விகளோடு தேடிப் போனதில் கிடைத்த வரலாறு இது. நிரல் எழுதுகிறவர்களின் உள்வீட்டு விவகாரம் என்று ஒதுக்கிவிட முடியாத ஒன்று இதில் இருக்கிறது. கட்டாயமில்லை என்ற வாக்குறுதியோடு வருகிற ஒரு விதி, அந்த வாக்குறுதியை மீறாமலேயே எப்படிக் கட்டாயமாகிறது என்பதை ஆண்டு ஆண்டாகப் பார்க்கக் கிடைக்கிற அபூர்வமான ஆவணம் அது.

2

முதலில் 'வகை' என்றால் என்ன என்பதைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். ஆங்கிலத்தில் 'டைப்' என்கிறார்கள். அதற்கு இரண்டு பூர்வீகங்கள் உண்டு.

ஒன்று தர்க்கவியல் சார்ந்தது. 1901இல் பெர்ட்ரண்ட் ரசல் ஒரு முரணைக் கண்டார். தன்னைத் தன் உறுப்பாகக் கொள்ளாத கணங்களையெல்லாம் சேர்த்து ஒரு கணம் அமைத்தால், அந்தக் கணம் தன்னைத் தன் உறுப்பாகக் கொள்ளுமா? கொள்ளும் என்றால் கொள்ளாது; கொள்ளாது என்றால் கொள்ளும். 1902இல் இதை ஃப்ரெகேவுக்குக் கடிதமாக எழுதினார். கணிதத்தைத் தர்க்கத்தின்மீது நிறுத்தப் பாடுபட்ட ஃப்ரெகேயின் நூலின் இரண்டாம் தொகுதி அப்போது அச்சில் இருந்தது. கட்டடம் எழும்பும்போதே அஸ்திவாரம் போன மாதிரி. 1908இல் ரசல் விரிவாக முன்வைத்த தீர்வுதான் 'வகைக் கோட்பாடு': பொருள்களைப் படிநிலையாக அடுக்கு, ஒரு படியில் உள்ளது தன்னையே சுட்டக்கூடாது. 1940இல் அலோன்சோ சர்ச் இதைத் தன் லாம்டா கணிதத்தோடு சேர்த்தார். ஆக, வகை என்பது பிறக்கும்போதே ஒரு தடையாகத்தான் பிறந்தது. தன்னைத்தானே பேசுவதற்கு விதிக்கப்பட்ட தடை அது. இதை நினைவில் வைத்துக்கொள்வோம், பின்னால் வேண்டியிருக்கும்.

இன்னொரு பூர்வீகம் முழுக்கவும் உலோகாயதமானது. கணினியின் நினைவகத்தில் முழுஎண்ணை ஒரு விதமாகவும் தசம எண்ணை வேறு விதமாகவும் வைக்க வேண்டும். 1957இல் ஐ.பி.எம். வெளியிட்ட ஃபோர்ட்ரான் மொழியில் இதற்கு ஓர் எளிய ஏற்பாடு இருந்தது. பெயர் ஐ முதல் என் வரையிலான ஆங்கில எழுத்துகளில் ஒன்றில் தொடங்கினால் அது முழுஎண். மற்றவை தசம எண். பெயரின் முதலெழுத்தைக் கேட்டாலே உள்ளே இருப்பது என்ன என்று தெரிந்துவிடும். பெயரைக் கேட்டுவிட்டு, அடுத்து ஊரைக் கேட்டு, எதையோ தெரிந்துகொள்ள முயல்கிறவர்களோடு வாழ்கிற நமக்கு இது உறுத்தும். ஆனாலும் ஒப்புமையை இதற்குமேல் இழுப்பது நேர்மையாகாது. எண்ணுக்கு அவமானம் கிடையாது.

இந்த இரண்டுக்கும் எதிர்ப்பக்கத்தில் 1958இல் ஜான் மெக்கார்த்தி தொடங்கிய லிஸ்ப் நிற்கிறது. அங்கே பெயருக்கு வகை இல்லை, மதிப்புக்குத்தான் உண்டு. ஒரே பெயர் காலையில் எண்ணைச் சுட்டலாம், மாலையில் சரத்தைச் சுட்டலாம். குறிப்பானுக்கும் குறிப்பீட்டுக்கும் இயல்பான உறவு கிடையாது என்று சசூர் வழியாகப் படித்த நமக்கு இது மிகவும் பழக்கமான காட்சி. இவ்விதமான மொழிகளைத்தான் 'டைனமிக்' மொழிகள் என்கிறார்கள். ஓடும்போது வகை பார்க்கிற மொழிகள் என்று சொல்லலாம்.

இங்கே ஒரு தவறான வாசிப்பைத் தடுத்தாக வேண்டும். டைனமிக் மொழி என்றால் வகையே இல்லாத மொழி, எல்லாம் மிதக்கிற வெளி என்று நம்மில் சிலர் உற்சாகப்பட்டுவிடுவோம். அப்படியில்லை. பைத்தானில் 3 என்ற எண்ணோடு '4' என்ற சரத்தைக் கூட்டச் சொன்னால் 'வகைப் பிழை' என்று முகத்தில் அடித்த மாதிரி சொல்லிவிடும். ஊர் எல்லையிலேயே நிறுத்தி அடையாள அட்டை கேட்பது ஒரு முறை. உள்ளே விட்டு, வேலையில் இறங்கின பிறகு, அந்த வேலை தெரியுமா என்று பார்ப்பது இன்னொரு முறை. டைனமிக் மொழி இரண்டாவதைச் செய்கிறது. 2000 வாக்கில் அலெக்ஸ் மார்டெல்லி இதை வாத்தை வைத்து விளக்கினார்: அது வாத்துதானா என்று சோதிக்காதே, உனக்கு வேண்டியபடி வாத்துபோல் நடக்கிறதா, வாத்துபோல் கத்துகிறதா என்று மட்டும் பார். பிறப்பைக் கேட்காமல் செயலைக் கேட்கிற அறம் என்று இதைச் சொல்லத் தோன்றுகிறது.

தமிழ் இலக்கணம் படித்தவனுக்கு இந்தப் பிரச்சினை புதிதில்லை. தொல்காப்பியத்தின் கிளவியாக்கம் தொடங்குவதே உயர்திணை, அஃறிணை என்ற வகைப்பாட்டில்தான். 'அவன் வந்தது' என்றால் திணை வழு. வழுவைச் சொன்ன அதே இலக்கணம், வழக்கில் நிலைத்துப்போன வழுக்களுக்கு 'வழுவமைதி' என்று ஒரு வாசலையும் திறந்து வைத்தது. இந்தச் சொல்லும் பின்னால் வேண்டியிருக்கும்.

3

பைத்தான் 1989 டிசம்பரில், கிறிஸ்துமஸ் விடுமுறையில், ஆம்ஸ்டர்டாமின் கணிதவியல் ஆய்வு மையத்தில் வேலை பார்த்த கீடோ வான் ராசம் என்பவர் எழுதத் தொடங்கிய மொழி. பெயர் பாம்பிலிருந்து வரவில்லை. 'மான்டி பைத்தான்' என்ற ஆங்கில நகைச்சுவைக் குழுவிலிருந்து வந்தது. முதல் வெளியீடு 1991 பிப்ரவரி. அதற்குமுன் அவர் அதே மையத்தில் 'ஏபிசி' என்ற மொழியில் வேலை செய்தவர். நிரலாக்கத்தைத் தொழிலாகக் கொள்ளாதவர்களும் எழுதும்படி உருவாக்கப்பட்ட மொழி அது. அதில் எந்தப் பெயருக்கும் வகையை முன்கூட்டி அறிவிக்க வேண்டியதில்லை. பைத்தானும் அந்த வழியிலேயே வந்தது.

1999இல் கீடோ அமெரிக்காவிலிருந்து ஒரு திட்டம் எழுதினார். எழுதப் படிக்கத் தெரிவதுபோல நிரல் எழுதத் தெரிவதும் எல்லோருக்கும் வாய்க்க வேண்டும், அதற்குப் பைத்தான் உதவும் என்பது அதன் சாரம். பணம் கேட்கப்பட்டது அமெரிக்க ராணுவத்தின் ஆராய்ச்சி நிறுவனத்திடம் என்பது வேறு கதை. போகட்டும். இங்கே வேண்டியது 'எல்லோருக்கும்' என்ற சொல். வகையை அறிவிக்கத் தேவையில்லை என்பது அந்தச் சொல்லோடு சேர்ந்த ஏற்பாடு. முதல் வரியிலேயே இலக்கணம் கேட்காதே, பேச விடு.

ஆனால் அதே காலத்தில், 1990களின் கடைசியிலேயே, விருப்பப்பட்டவர்கள் வகையை அறிவிக்க ஒரு வழி வேண்டும் என்ற பேச்சும் பைத்தான்காரர்களிடையே தொடங்கிவிட்டது. 2004 டிசம்பரில் கீடோ தானே அதை எடுத்தார். பெயருக்குப் பின் முக்காற்புள்ளி, அதன்பின் வகை. திரும்பி வருவதற்கு ஓர் அம்புக்குறி என்று வடிவம் வரைந்து காட்டினார். எதிர்ப்பு பலமாக இருந்தது. நம்ம மொழியை ஜாவா ஆக்கப் பார்க்கிறார் என்ற பதற்றம். அடுத்த மாதமே, இது விருப்பத்துக்குரியது மட்டும்தான், தீயை அணையுங்கள் என்ற தொனியில் அவர் எழுத வேண்டியதாயிற்று.

பின்வாங்கல் ஒரு விசித்திரமான வடிவத்தில் வந்தது. 2006 டிசம்பரில் காலின் வின்டரும் டோனி லவுண்ட்ஸும் எழுதிய 3107ஆம் முன்மொழிவு அந்த முக்காற்புள்ளியையும் அம்புக்குறியையும் ஏற்றுக்கொண்டது. ஆனால் அவற்றுக்கு எந்தப் பொருளும் கிடையாது என்றது. முக்காற்புள்ளிக்குப் பின் வகையும் எழுதலாம், 'கோப்பின் பெயர் இங்கே வரும்' என்று ஒரு வாக்கியமும் எழுதலாம், எண்ணும் எழுதலாம். மொழி அதை வாங்கி ஓர் அகராதியில் போட்டு வைக்கும். அதற்கு என்ன பொருள் என்பதைப் படிக்கிற வேறு யாராவது முடிவு செய்துகொள்ளட்டும். 2008 டிசம்பரில் வந்த பைத்தான் 3.0இல் இது சேர்ந்தது. பெயர் 'அனோட்டேஷன்'.

நம் மரபில் இதற்கு ஒரு பெயர் உண்டு: உரை. மூலத்தின் பக்கத்திலே இருக்கும், மூலத்தின் ஓர் எழுத்தையும் மாற்றாது என்பதுதான் உரை கொடுக்கிற உறுதிமொழி. அந்த உறுதிமொழி எந்த அளவு காப்பாற்றப்படும் என்பதும் நமக்குத் தெரியும். பாட்டின் அடிகளைப் பிரித்து, முன்னதைப் பின்னும் பின்னதை முன்னும் மாட்டிப் பொருள் சொன்னார் என்று நச்சினார்க்கினியரிடம் மறைமலையடிகள் சண்டைக்குப் போனது இதற்காகத்தான். உரை பக்கத்திலேயே இருந்துகொண்டு, மூலத்தை எப்படி வாசிப்பது என்பதைத் தீர்மானித்துவிடுகிறது. பொருளே இல்லாத காலி இடமாக 2008இல் உள்ளே வந்த உரைக்கும் இதுதான் நடந்தது.

4

காலி இடம் நீண்ட நாள் காலியாக இருக்காது. அதை நிரப்பத் தயாராக இருந்த கோட்பாடு அதே 2006இல் வேறொரு இடத்தில் எழுதப்பட்டிருந்தது. ஜெரமி சீக், வாலித் தாஹா என்ற இருவர் 'படிப்படியான வகைப்பாடு' என்று ஒன்றை முன்வைத்தார்கள். ஒரே நிரலில் சில பகுதிகள் வகை சொல்லலாம், சில சொல்லாமல் விடலாம். சொல்லாத இடங்களுக்கு 'தெரியாது' என்று ஒரு வகை. அந்தத் 'தெரியாது' எல்லாவற்றோடும் இசைந்துபோகும். முழுஎண்ணோடு இசையும், சரத்தோடும் இசையும். அதனால் முழுஎண்ணும் சரமும் ஒன்றோடொன்று இசையும் என்று ஆகிவிடாது. எனக்கும் அவனுக்கும் ஒத்துப்போகும், அவனுக்கும் உனக்கும் ஒத்துப்போகும். அதுக்காக எனக்கும் உனக்கும் ஒத்துப்போகணும்னு என்ன இருக்கு? அமைப்புகளில் வேலை செய்த தோழர்களுக்கு இந்தத் தர்க்கத்தை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பைத்தானில் பின்னால் 'எனி' என்ற பெயரில் வந்து சேர்ந்தது இந்தத் 'தெரியாது'தான்.

அடுத்து ஆள் வந்தார். பின்லாந்துக்காரரான யூக்கா லெடோசலோ, கேம்பிரிட்ஜில் முனைவர் பட்ட ஆய்வு செய்தபோது 'மைபை' என்ற ஒன்றை உருவாக்கினார். ஆரம்பத்தில் அது பைத்தானைப் போன்ற, ஆனால் வேறான ஒரு மொழி. 2013இல் பைத்தான் மாநாட்டில் அதை அறிமுகப்படுத்தினார். கீடோ அவரிடம் சொன்னது, புது மொழி வேண்டாம், பைத்தான் 3இல் பொருளில்லாமல் கிடக்கிற அந்த அனோட்டேஷனையே எடுத்துக்கொள்ளுங்கள் என்பது. தனி மொழியாக இருந்தது, பைத்தானின் உரையைப் படித்துத் தப்பு சொல்கிற ஒரு சோதனைக் கருவியாக மாறிற்று.

கவனிக்க வேண்டியது காலம். 2013 தொடக்கத்தில் கீடோ டிராப்பாக்ஸ் கம்பெனியில் சேர்ந்திருந்தார். அங்கே பல லட்சம் வரிகளில் பைத்தான் இருந்தது. எழுதியவர்களில் பலர் வேலையை விட்டுப் போயிருப்பார்கள். இருக்கிறவர்கள் அந்நியன் எழுதியதைப் படிக்கிறார்கள். இந்தப் பெயரில் என்ன வரும் என்று கேட்க ஆள் இல்லை. இது ஒரு கம்பெனியின் நிலைமை மட்டும் இல்லை. 2012இல் மைக்ரோசாஃப்ட் ஜாவாஸ்கிரிப்டுக்கு வகை சேர்த்து டைப்ஸ்கிரிப்ட் கொண்டுவந்தது. 2014இல் ஃபேஸ்புக் பி.எச்.பி.யிலிருந்து கிளைத்த 'ஹேக்' மொழியைக் கொண்டுவந்தது. சின்னக் குழுக்கள் பேச்சு வழக்கில் எழுதத் தொடங்கியவை பெரும் நிறுவனங்களின் சொத்தாக வளர்ந்ததும், மூன்று மொழிகளிலும் ஒரே காலத்தில் இலக்கணம் கேட்கப்பட்டிருக்கிறது. இதைத் தற்செயல் என்று கொள்ள என்னால் முடியவில்லை.

2014 செப்டம்பரில் கீடோ, லெடோசலோ, லூகாஷ் லாங்கா மூவரும் 484ஆம் முன்மொழிவை எழுதினார்கள். முடிவெடுக்க வேண்டிய கீடோவே ஆசிரியர்களில் ஒருவர் என்பதால் மார்க் ஷானன் முடிவெடுத்தார். 2015 மே மாதம் ஏற்பு; அதே ஆண்டு செப்டம்பரில் பைத்தான் 3.5. காலி இடத்துக்கு இப்போது ஒரு பொருள் வந்துவிட்டது: 'டைப் ஹின்ட்', வகைக்குறிப்பு. நான் கவனிப்பது 'ஹின்ட்' என்ற சொல்லை. அறிவிப்பு என்று சொல்லவில்லை, ஆணை என்று சொல்லவில்லை, குறிப்பு, ஜாடை. பைத்தான் டைனமிக் மொழியாகவே இருக்கும், வகைக்குறிப்பை என்றைக்கும் கட்டாயமாக்கும் எண்ணமில்லை, எழுதாத மரபாகக்கூடக் கட்டாயமாக்கும் எண்ணமில்லை என்று அந்த முன்மொழிவிலேயே எழுதிவைத்தார்கள்.

அந்த வாக்குறுதி மொழியின் அளவில் இன்றுவரை காப்பாற்றப்பட்டிருக்கிறது. அதைச் சொல்லாமல் விட்டால் அது என் பக்கத்துப் பொய். முழுஎண் என்று எழுதிவிட்டுச் சரத்தை அனுப்பினால் பைத்தான் இன்றைக்கும் வாங்கிக்கொள்ளும். குறிப்பு எழுதியதால் நிரல் வேகமாக ஓடவும் செய்யாது. சோதனை செய்வது மைபை போன்ற தனிக் கருவிகள். கூகுள், ஃபேஸ்புக், மைக்ரோசாஃப்ட் ஆளுக்கு ஒன்று செய்து வைத்தார்கள். 2019 செப்டம்பரில் டிராப்பாக்ஸ், தன் நிரலில் 40 லட்சம் வரிகளை மைபையால் சோதிப்பதாக எழுதியது. ஒரு கம்பெனியில் அந்தக் கருவி சரி என்று சொல்லாமல் நிரல் உள்ளே போகாது என்று ஏற்பாடு செய்துவிட்டால், அங்கே சம்பளத்துக்கு எழுதுகிறவனுக்கு அது விருப்பமா கட்டாயமா? சட்டப் புத்தகத்தில் விருப்பம், வேலைத்தளத்தில் கட்டாயம். வாக்குறுதியை யாரும் மீறவில்லை. மீறத் தேவை வரவில்லை.

இதைச் சதி என்று படிப்பது சோம்பேறித்தனம். எழுதியவன் போன பிறகு வருகிறவனின் நிலையில் இருந்து பாருங்கள். என்ன வரும் என்றே தெரியாத பெயர்களின் காட்டில் ராத்திரி பன்னிரண்டு மணிக்கு விழுந்த நிரலைத் தூக்கி நிறுத்த வேண்டியவன் அவன். அவனுக்கு முந்தினவன் விட்டுப்போன ஒரு சொல் துணை. சங்கப் பாட்டை உரையில்லாமல் நேரே படித்துவிடுவேன் என்று சொல்கிற தமிழ் மாணவனை நான் நம்புவதில்லை.

5

வாக்குறுதி மீறப்படாமலேயே உரை எப்படி மூலமானது என்பதற்கு 2018 முதல் 2025 வரையிலான ஏழு ஆண்டுகள் சாட்சி.

2016 டிசம்பரில் வந்த 3.6 பதிப்பு, மாறிகளுக்கும் குறிப்பு எழுத வழி செய்தது. 2018 ஜூனில் வந்த 3.7இல் 'டேட்டா கிளாஸ்' என்ற ஒன்று மொழியின் சொந்த நூலகத்திலேயே சேர்ந்தது. ஒரு பொருளுக்குப் பெயர், ஆண்டு, எண் என்று என்னென்ன புலங்கள் உண்டு என்பதைக் குறிப்பு எழுதிக் காட்டினால், மீதியைத் தானே கட்டிக்கொள்ளும். முழுஎண் என்று எழுதிய இடத்துக்குச் சரம் வந்தாலும் அது தடுக்காது. ஆனால் குறிப்பு எழுதாத பெயரைப் புலமாகவே எடுத்துக்கொள்ளாது. உரையில் என்ன எழுதியிருக்கிறது என்பது பொருட்டில்லை, உரை இருக்கிறதா என்பதே பொருட்டு. உரை இல்லையென்றால் மூலமே இல்லை.

வெளியாரும் சும்மா இருக்கவில்லை. 2017இல் வந்த 'பைடான்டிக்', 2018இல் வந்த 'ஃபாஸ்ட்ஏபிஐ' ஆகிய நூலகங்கள் ஒரு படி மேலே போயின. நிரல் ஓடிக்கொண்டிருக்கும்போதே அவை குறிப்பைப் படித்து, அதன்படி வருவதைச் சோதித்தன. வேண்டாததைத் திருப்பி அனுப்பின. '7' என்ற சரம் வந்து, குறிப்பில் முழுஎண் என்று இருந்தால், சரத்தை 7 என்ற எண்ணாக மாற்றியே உள்ளே விட்டன. உரை மூலத்தைத் திருத்தத் தொடங்கிவிட்டது. இவற்றைச் செய்தவர்கள் பெருங்கம்பெனிக்காரர்கள் அல்ல. எல்லோரும் பார்க்க, எல்லோரும் எடுத்துக்கொள்ளத் திறந்துவைத்து எழுதியவர்கள். மெஷின் கண்டுக்காது என்று சொன்ன குறிப்பை மெஷின் படிக்கும்படி செய்தவர்கள் இவர்கள்.

இதற்கு நேரெதிர்த் திசையில் மொழியின் மையம் போய்க்கொண்டிருந்தது. ரசலை இங்கே திரும்பக் கூப்பிட வேண்டும். பைத்தானில் குறிப்புகள் எழுதப்பட்ட கணத்திலேயே மதிப்பிடப்பட்டன. 'மரம்' என்ற வகையை வரையறுக்கும்போது, அதன் கிளையும் ஒரு மரம் என்று குறிப்பு எழுதினால் பிழை வரும். வரையறை முடியாமல் 'மரம்' என்ற பெயரே பிறக்கவில்லை அல்லவா? தன்னைத்தானே சுட்டுவது மறுபடியும் முட்டுக்கட்டை. ஒரு குறுக்குவழி இருந்தது: அந்தப் பெயரை மேற்கோள் குறிக்குள் போட்டு வெறும் சரமாக எழுதுவது. 2018இன் 3.7 பதிப்பில் லாங்காவின் 563ஆம் முன்மொழிவு, விரும்பினால் எல்லாக் குறிப்புகளையுமே சரமாக வைத்துக்கொள்ளலாம் என்றது. பின்னால் அதுவே எல்லோருக்குமான இயல்பு நிலையாகும் என்பது திட்டம். அதாவது, குறிப்பு வெறும் எழுத்து. ஓடும் நிரலில் அதற்கு உயிர் வேண்டாம்.

2021இல் 3.10 பதிப்பில் அது நடக்க இருந்தது. வெளியீட்டுக்குச் சில மாதம் இருக்கையில் பைடான்டிக், ஃபாஸ்ட்ஏபிஐ தரப்பிலிருந்து எதிர்ப்பு வந்தது: குறிப்புகளைச் சரமாக்கினால் ஓடும்போது அவற்றைப் படித்து வாழ்கிற எங்கள் நூலகங்கள் உடையும். அதற்குள் பைத்தானின் ஆட்சிமுறையும் மாறியிருந்தது. 'ஆயுள்கால நல்லெண்ணச் சர்வாதிகாரி' என்ற பட்டம் – கிண்டலாக வைத்ததுதான், ஆனாலும் பட்டம் பட்டம்தான் – தாங்கிய கீடோ, வகையோடு சம்பந்தமில்லாத வேறொரு சண்டையில் அலுத்து 2018 ஜூலையில் விலகிவிட்டார். 2019 முதல் தேர்ந்தெடுக்கப்பட்ட ஐவர் குழு நடத்துகிறது. அந்தக் குழு 2021 ஏப்ரலில் மாற்றத்தைத் தள்ளி வைத்தது. கடைசியில் லாரி ஹேஸ்டிங்ஸ் 2021இல் எழுதிய 649ஆம் முன்மொழிவின் வழி வென்றது. குறிப்பு சரமாக உறையவும் வேண்டாம், எழுதிய கணத்தில் மதிப்பிடப்படவும் வேண்டாம். யாராவது கேட்கும்போது மட்டும் அது பொருள் கொள்ளட்டும். 2025 அக்டோபரில் வந்த 3.14 பதிப்பில் இது நடைமுறைக்கு வந்தது. 'மரம்' இப்போது தன்னைத் தானே சொல்லலாம்.

மையம் தன் வாக்குறுதிப்படி உரையை வெறும் எழுத்தாக வைக்க முயன்றது. அதைப் பயன்படுத்தியவர்கள் விடவில்லை. உரைக்கு அதிகாரம் மேலேயிருந்து மட்டும் வரவில்லை என்பதை இந்தக் கட்டம் காட்டுகிறது. பயன்படுத்துகிறவர்களே அதற்கு அதிகாரம் கொடுத்தார்கள், கொடுத்த அதிகாரத்துக்காகப் போராடவும் செய்தார்கள். கட்டாயம் என்பதை எப்போதும் அரசிடமே தேடிப் பழகின நம் அரசியல் வாசிப்புக்கு இது ஒரு பாடம்.

வேறு வழியும் இருந்தது என்பதையும் பதிய வேண்டும். ரூபி மொழியை உருவாக்கிய மாட்சுமோட்டோ யுகிஹிரோ, நிரலுக்குள் வகைக்குறிப்பு எழுதுவதை ஏற்கவில்லை. 2020 டிசம்பரில் வந்த ரூபி 3.0, வகைகளைத் தனிக் கோப்பில் எழுத வைத்தது. மூலம் ஒரு சுவடி, உரை வேறு சுவடி. பைத்தானிலும் அப்படித் தனியே எழுத இடம் உண்டு என்றாலும், பக்கத்திலேயே எழுதுவதுதான் வழக்கமாயிற்று.

6

உரை தனக்குள்ளேயே சில வாசல்களைத் திறந்து வைத்திருக்கிறது. ஒரு வரியில் வகை பொருந்தவில்லை, ஆனாலும் எழுதியவனுக்கு அது சரி என்று தெரியும் என்றால், வரியின் கடைசியில் 'இதை விட்டுவிடு' என்று ஒரு குறிப்பு எழுதலாம். சோதனைக் கருவி கண்ணை மூடிக்கொள்ளும். வழுவமைதிதான், வேறென்ன. வாத்து அறத்துக்கும் 2019இல் இடம் கிடைத்தது. எந்தக் குலத்தில் பிறந்தது என்று பாராமல், வேண்டிய செயல்கள் இருந்தால் போதும் என்று வகையை எழுத 3.8 பதிப்பில் 'புரோட்டோகால்' வந்தது. 2021இல் வந்த 3.10இல் 'முழுஎண் அல்லது சரம்' என்று ஒரு நேர்கோடு போட்டு எழுதவும் முடிந்தது. இரு திணைக்கும் பொதுவான விரவுப்பெயர் மாதிரி. வகைப்பாட்டுக்கு எதிராகப் பேசப்பட்டவை பலவும் வகைப்பாட்டுக்குள்ளேயே வந்து உட்கார்ந்தன. இது வெற்றியா, விழுங்கப்படுதலா? இரண்டும்தான் என்று நினைக்கிறேன்.

என் கதைக்கு வருகிறேன். நிரல் விழுந்த பிறகு, இனிமேல் குறிப்பைப் படித்துத் தடுக்கிற நூலகத்தையே பயன்படுத்துவது என்று மேலே முடிவாயிற்று. இதழ் எண்: முழுஎண். இப்போது இயந்திரம் '7-8' என்பதை வாசலிலேயே திருப்பி அனுப்பியது. சுத்தமாக வேலை செய்தது. இரட்டை இதழ்களை என்ன செய்வது என்று கேட்டேன். முதல் எண்ணை மட்டும் போடச் சொன்னார்கள்.

நான் இரண்டு யோசனை வைத்தேன். ஒன்று, முழுஎண் அல்லது சரம் என்று எழுதுவது. அது சோம்பேறித் தீர்வு. வரிசைப்படுத்தும்போது பழைய சிக்கல் திரும்பும். இன்னொன்று, 'இதழெண்' என்று நாமே ஒரு வகையை வரையறுப்பது. அதற்குத் தொடக்கம் ஒன்று, முடிவு ஒன்று. தனி இதழில் இரண்டும் ஒரே எண். இரட்டை இதழில் 7, 8. வரிசைப்படும், தேடவும் வரும். தம்பி அன்று மாலையே எழுதிக் காட்டினான், இருபது வரிகூட இல்லை. ஏற்கெனவே பதிந்ததையெல்லாம் மாற்ற வேண்டிவரும், நேரமில்லை என்று சொல்லிவிட்டார்கள். என் ஒப்பந்தம் முடிந்தது. அந்த அட்டவணையில் இன்றைக்கும் பல பத்திரிகைகளுக்கு 8ஆம் இதழ் வரவே இல்லை என்று பொருள்படும் ஒரு வெற்றிடம் இருக்கிறது. ஆய்வுக்கு வருகிற மாணவன் அதைப் பார்த்து, அந்த மாதம் பத்திரிகை நின்றுபோயிருந்தது என்று எழுதிவைப்பான். காசு திரட்டி, இரண்டு மாதப் பக்கங்களை ஒன்றாக்கி, எப்படியோ கொண்டுவந்தவர்களின் உழைப்பு ஒரு முக்காற்புள்ளிக்குப் பின்னால் காணாமல் போயிற்று.

இதிலிருந்து வகைப்பாடே வேண்டாம் என்ற முடிவுக்கு நான் வரவில்லை. '7-8' வாயிலை மௌனமாகக் கடந்தபோது அது பாதுகாப்பாக இருந்தது என்று சொல்ல முடியாது. வாரங்கள் கழித்து எல்லாவற்றையும் இழுத்துக்கொண்டு விழுந்தது. 'இதழெண்' என்ற அந்த வகை எழுதப்பட்டிருந்தால் இரட்டை இதழுக்கு ஓர் இடமும் ஒரு பெயரும் கிடைத்திருக்கும். அதுவும் வகைதான், அதுவும் குறிப்புதான். அதை எழுத வேண்டிய அறிவு இதழ்களைக் கையில் எடுத்துப் புரட்டினவர்களிடம் இருந்தது. எழுதும் உரிமை வேறு இடத்தில் இருந்தது. பைத்தானின் கால் நூற்றாண்டுச் சண்டையில் பயன்படுத்துகிறவர்கள் 2021இல் மையத்தோடு வாதாடித் தங்கள் உரையைக் காப்பாற்றிக்கொள்ள முடிந்தது; அங்கே முன்மொழிவு எழுதவும், எதிர்த்து எழுதவும், முடிவெடுப்பவர்களைத் தேர்ந்தெடுக்கவும் ஒரு நடைமுறை இருந்தது. நான் வேலை செய்த அறையில் அது இல்லை.

'சும்மா குறிப்பு' என்று யாராவது நம் முன்னால் ஒரு படிவத்தை நீட்டும்போது, அது கட்டாயமா என்று மட்டும் கேட்டுப் பழகியிருக்கிறோம். கட்டாயமில்லை என்று உண்மையாகவே பதில் சொல்வார்கள். இந்தப் புலங்களை எழுதியது யார், எங்களுடைய '7-8'ஐ எங்கே எழுதுவது, புதுப் புலம் ஒன்று சேர்க்க வேண்டுமானால் யாரிடம் வாதாடுவது என்ற மூன்றையும் சேர்த்துக் கேட்கலாம் என்பது என் தரப்பு. நிரல் எழுதுகிற தோழர்கள் இதில் என் பிழைகளைச் சுட்டினால் மகிழ்வேன். விவாதிப்போம்.